ஐயாத்துரையரின் காவுதண்ணீர்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. அந்தச் சாக்கை விரித்து இன்னும் நெருங்கி இருங்கள். கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வரலாம், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு தண்ணீர்க் கதை சொல்லப்போகிறேன். கடலும் இல்லை, வெள்ளமும் இல்லை. வெறும் ஒரு பீப்பாத் தண்ணீர். அதற்காகச் சரவணை என்ற தீவு ஊரில் பெரிய மனிதர்கள் எல்லாம் எப்படித் தலைகால் தெரியாமல் நடந்தார்கள் என்றும், அன்னபூரணம் என்ற ஒருத்தி தன் குசினிக்குள், அடுப்படியில் நின்றபடியே என்ன பாடு பட்டாள் என்றும் கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அவளைப் பார்த்து மட்டும் கொஞ்சம் மெல்லச் சிரியுங்கள்.

அன்னபூரணம் நயினாதீவில் பிறந்து சரவணைக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவர் ஐயாத்துரையர் தெற்கே மாத்தறையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருவார். வந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. காங்கேசன்துறையில் கப்பல் கொண்டுவந்து இறக்கிய சனத்தோடு சனமாக அவரும் ஒரு குடையுடன் வந்து சேர்ந்தார். மழையே இல்லாத ஆடியில் ஏன் குடை என்று அன்னபூரணம் கேட்கவில்லை. கையில் எதையாவது பிடித்துக்கொண்டு வரவேண்டும் அல்லவா.

கடை இல்லை. கல்லாவும் இல்லை. "முதலாளி" என்று கூப்பிட ஒருவரும் இல்லை. மிஞ்சியது வளவுக்குள் இருந்த கிணறு ஒன்றுதான். தீவில் முக்கால்வாசிக் கிணறும் உவர். ஐயாத்துரையருடைய கிணறோ வாயில் வைத்தால் இனிக்கும். ஆகவே அவர் அந்தக் கிணற்றைக் கல்லாவாக்கிக்கொண்டார். வாசல் படலை திறந்து யார் வந்தாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர். குடித்தவர் வாய் திறக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "அமிர்தம்" என்று வந்தவர் சொன்னால்தான் கதிரையில் இருக்கச் சொல்லுவார்.

அதற்குப் பிறகு சாப்பாடு. அன்னபூரணத்தின் பருப்புக் கறிக்கு ஊரில் தனிப் பெயர். வெண்ணெய் போலக் குழைந்து, இலையில் வார்த்தால் சோற்றைத் தேடித் தானாக ஓடும். தேநீர் என்றால் நிறம் தெளிந்து கண்ணாடி போல இருக்கும். "எல்லாம் கிணத்தின்ர குணம்" என்பார் ஐயாத்துரையர். அன்னபூரணம் ஒன்றும் சொல்லமாட்டாள்.

ஏன் சொல்லமாட்டாள் என்றால், அந்தப் பருப்பு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கண்டதே இல்லை.

கலியாணமாகி வந்த புதிதில் அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் உலை வைத்தாள். பருப்பு காலையில் கொதிக்கத் தொடங்கி மத்தியானமாகியும் கல்லுக்கல்லாகவே கிடந்தது. தேநீர்க் கேத்திலின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகப் படை பிடித்தது. மாமியார் தண்ணீரைக் குறை சொல்லவில்லை, நயினாதீவைக் குறை சொன்னார். அங்கே பெண் பிள்ளைகளுக்கு அடுப்பு மூட்டவும் பழக்கவில்லையாம். அன்னபூரணம் அழுதுவிட்டு, குசினிக்குப் பின்னால் பாத்திரம் கழுவுவதற்கென்று கட்டியிருந்த மழைத்தொட்டியில் ஒரு வாளி அள்ளி, வடித்து, அதில் பருப்பைப் போட்டாள். இரண்டு கொதியில் குழைந்தது. அன்று முதல் குடிக்கக் கிணறு, சமைக்கக் கூரை. வீட்டு ஆண்கள் குசினிக்குள் வருகிற வழக்கம் இல்லாததால் இந்த இரகசியத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. முதல் மழையை ஓட விட்டு, ஓடு கழுவுப்பட்ட பிறகு, கூரைத் தண்ணீர் இறங்கும் பீலியைத் தொட்டிக்குத் திருப்பிவிடுவாள். அவ்வளவுதான்.

எண்பத்து நாலு மாரி மழைக்காலத்தில் ஊரில் வயிற்றோட்டம் பரவியது. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கத்தின் மகள் பிழைத்ததே பெரிய காரியம். அதற்குப் பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று காசு கொடுத்து, ஊருக்கு வெளியே ஒரு பெரிய கிணறு தோண்டி, தண்ணீர்த் தாங்கி கட்டி, குழாய் போட்டது. திட்டத்தைப் பார்க்கப் பட்டினத்திலிருந்து சிவகுரு என்ற இளம் எஞ்சினியர் வந்தார். தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரின் மருந்தையும் அவரே கான் என்கிற மூடிக் கலன்களில் கொண்டுவந்தார். தீவுக்கு வருகிற பண்ணைப் பாலத்தில் இராணுவம் சோதனை செய்தபோது ஒரு சிப்பாய் கானைத் திறந்து மணந்து பார்த்தானாம். தும்மிய தும்மலில் மற்றக் கான்களைத் திறக்காமலே விட்டுவிட்டானாம்.

வேலை எல்லாம் முடிந்த வருடம் தை மாதம் வாசிகசாலையில் கூட்டம். திட்டக் குழுவுக்கு ஐயாத்துரையர் தலைவர். வேறு வேலை இல்லாதவர் என்பதால் போட்டார்கள். மதிப்பால் போட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். சிவகுரு விளக்கினார். மருந்து கொஞ்சம்தான், சொட்டுச் சொட்டாக விழும். மருந்துக் கொட்டிலிலிருந்து தாங்கிக்கு மெல்லிய குழாய் நீளத்துக்குப் போகிறது. சொட்டுகளைத் தனியே விட்டால் பாதி வழியில் நின்றுவிடும். ஆகவே ஒரு பீப்பாவிலிருந்து சிறு தாரையாகத் தண்ணீர் விடவேண்டும். அது மருந்தைக் காவிக்கொண்டு, அதாவது சுமந்துகொண்டு, போய்த் தாங்கியில் சேர்க்கும். அப்படிக் காவிப்போகிற காவுதண்ணீர் சுண்ணாம்பு இல்லாத மென்மையான தண்ணீராக இருக்கவேண்டும். சுண்ணாம்புத் தண்ணீர் இந்த மருந்தோடு சேர்ந்தால் சுண்ணாம்பு பிரிந்து குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். மழைத்தண்ணீர் என்றால் மிக நல்லது.

மழைத்தண்ணீர் என்றதும் சபை முகம் சுளித்தது. காகம் எச்சமிடுகிற கூரைத் தண்ணீரையா ஊர் முழுக்கக் குடிக்க விடுவது என்று அம்பலவாணர் கேட்டார். அவரும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்காரர்தான். அதோடு, ஊருக்கு மருந்து காவிப்போகிற தண்ணீர் என்றால் அது சும்மா தண்ணீரா? சுவாமி காவுகிற தோள் மாதிரி அல்லவா? அது யார் வீட்டுக் கிணறு என்று நாளைக்குச் சந்ததி கேட்கும். அந்தக் கணத்திலிருந்து கிருமி, வயிற்றோட்டம், குழாய் எல்லாம் மறந்துபோயிற்று. எந்த வளவுக் கிணறு என்பதுதான் கேள்வி.

இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் எடுத்துச் சவுக்காரம் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம், நுரைத்தால் மென்மையான தண்ணீர் என்றார் சிவகுரு.

"என்ர கிணத்துக்குச் சவுக்காரம் போடவோ தம்பி?" என்றார் ஐயாத்துரையர். "என்ர அப்புவின்ர கிணறு அது. குளிப்பாட்டிப் பாக்க அதென்ன மாடே?"

அம்பலவாணரும் அந்த ஒரு விடயத்தில் ஐயாத்துரையரோடு ஒத்துப்போனார். சிவகுரு பட்டினத்தில் படித்தவரே ஒழியப் பொல்லாதவர் இல்லை. வயதானவர்களை நோகவைக்கக் கூடாது என்று யோசித்து, பருப்பு அவித்துப் பார்த்தாலும் தெரியும், சுண்ணாம்புத் தண்ணீரில் பருப்பு அவியாது என்றார். சபை மகிழ்ந்தது. சவுக்காரம் அவமானம், பருப்பு விருந்து.

முதல் நாள் அம்பலவாணர் வீட்டில் சாப்பிட்டார்கள். பருப்பு பல்லில் நின்றது. அடுத்த நாள் ஐயாத்துரையர் வீட்டில். ஆட்கள் வருகிறார்கள், சமையலைக் கவனியும் என்று மட்டும்தான் அவர் மனைவிக்குச் சொல்லியிருந்தார். அவளும் வழக்கம்போல வாளியோடு தொட்டிக்குப் போனாள். குழுவினர் இலையை வழித்து நக்காத குறை. அதற்குப் பிறகு சிவகுரு எழுந்து, சோதனை முடிந்தது, காவுதண்ணீர் ஐயாத்துரையர் கிணற்றிலிருந்து வரும் என்று சொன்னது குசினிக் கதவுக்குப் பின்னால் அகப்பையோடு நின்ற அன்னபூரணத்தின் காதில் விழுந்தது.

அவள் வாசல்வரை வந்தாள். ஐயாத்துரையர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கப்பலால் இறங்கிய நாளுக்குப் பிறகு அந்த முதுகு நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை. கடையும் போய் இப்போது கிணறும் பொய் என்றால் இந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்? அன்னபூரணம் அகப்பையோடு திரும்பிப் போய் ரசம் கொண்டுவந்து வார்த்தாள்.

திறப்பு விழா பெரிதாக நடந்தது. மேளம் வைத்தார்கள். பீப்பாவுக்கு நீலச் சாயம் பூசி, சந்தனம் தடவி, மாலை போட்டார்கள். மருந்துக் கானுக்கு ஒருவரும் மாலை போடவில்லை. பம்பு பார்க்கிற வல்லிபுரம் தினமும் காலையில் வண்டிலைக் கொண்டுவந்து பீப்பாவை நிரப்பிப் போனான். ஐயாத்துரையர் கிணற்றுக் கட்டில் பலகை ஒன்று நட்டு, காவுதண்ணீர்க் கிணறு என்று எழுதுவித்தார்.

மாசி முடிய முன்னரே சொட்டு நின்றது. வல்லிபுரம் ஊதிப் பார்த்தான், ஈர்க்கால் குத்திப் பார்த்தான், கடைசியில் குழாயை வெட்டினான். உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஒரு ஊசி போகவும் வழியில்லை. வெட்டிய துண்டைத் தலைவரிடம் காட்டக் கொண்டுவந்தபோது அன்னபூரணமும் பார்த்தாள். பார்க்கவே தேவையில்லை. கலியாணம் ஆன புதிதில் அவளுடைய கேத்தில் அப்படித்தான் இருந்தது.

சிவகுரு தலையைச் சொறிந்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் பருப்பு அவியாது என்பது உண்மை. இந்தத் தண்ணீரில் பருப்பு அவிந்ததைத் தானே சாப்பிட்டு ருசி பார்த்ததும் உண்மை. பிழை மருந்தில்தான் என்று எண்ணிக் கான்களைத் திருப்பி அனுப்பினார். புதுக் குழாய் வந்தது. அதுவும் அடைத்தது. இப்போது குழு கூடி ஆராய்ந்து, வல்லிபுரம் வழியில் நல்ல தண்ணீரைத் தன் வீட்டில் ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் நிரப்புகிறான் என்று கண்டுபிடித்தது. காவுதண்ணீர்க் காவற்குழு என்று ஒன்று போட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பெரியவர்கள் வண்டிலுக்கு முன்னும் பின்னும் பிரேதத்தோடு போவதுபோல நடந்தார்கள். அவ்வளவு காவலோடு போன தண்ணீரும் அடைத்தது.

குழாய் அடைத்திருந்த நாட்களில் மருந்தில்லாத தண்ணீர்தான் ஊருக்குப் போயிற்று. சின்னத்தங்கத்தின் மகளுக்கு மறுபடியும் வயிறு போகத் தொடங்கியது. வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளை அனுங்குவது அன்னபூரணத்துக்குக் கேட்டது. ஒரு பருப்புச் சட்டியால் வந்த வினை இது என்று அவள் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாள் வல்லிபுரம் வந்தபோது அவள் கிணற்றடியில் நின்றாள். காவற்குழு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"வல்லிபுரம், பீப்பாவைப் பின்னுக்குத் தொட்டியடிக்குக் கொண்டு வாரும்."

அவன் தொட்டியைப் பார்த்தான், கிணற்றைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அப்ப அந்தப் பருப்பு, அக்கா?"

"ஓம்."

"நல்லாத்தான் இருந்தது," என்றான் வல்லிபுரம். "எனக்கும் ஒரு கிண்ணம் தந்தனீங்கள்." வண்டிலைத் தொட்டியடிக்குத் திருப்பினான். தன்னைக் கள்ளன் என்ற பெரியவர்கள் கூரைத் தண்ணீருக்கு முன்னும் பின்னும் பவ்வியமாக நடப்பதைப் பார்ப்பதே அவனுக்குப் போதுமான சம்பளமாக இருந்தது.

புதிதாக மாற்றிய குழாய் பிறகு அடைக்கவே இல்லை. காவற்குழு போட்டதால்தான் என்று காவற்குழு சொன்னது. கிணறு கோபம் தணிந்தது என்று ஐயாத்துரையர் சொன்னார். பெயர் பரவியது. நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போகிற சனம் குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏறப் போகிற வழியில் இறங்கி ஒரு செம்பு குடித்துவிட்டுப் போயிற்று. புளியங்கூடலில் இருந்து ஒருவர் போத்தலில் கேட்டு வாங்கிப் போய்ப் பிள்ளையின் புத்தகத்தில் தெளித்தாராம். ஐயாத்துரையர் காலையில் எழுந்து கிணற்றுக் கட்டைச் சுற்றி ஒருமுறை நடப்பார், கடை திறக்கிற முதலாளி போல. அன்னபூரணம் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள்.

தொட்டியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று. தீவில் ஐப்பசி வராமல் மழை வராது. வைகாசியில் அவள் தலை முழுக மழைத்தண்ணீர் எடுப்பதை நிறுத்தினாள். ஆனியில் தேநீருக்கு நிறுத்தினாள். தேநீர் ஏன் கலங்கலாக இருக்கிறது என்று அவர் கேட்டபோது தேயிலையைக் குறை சொன்னாள். ஆடியில் தொட்டியின் அடி தெரிந்தது. இனிப் பீப்பாவுக்கும் பருப்புக்கும் சேர்த்துப் போதாது. சின்னத்தங்கத்தின் மகள் வேலியோரம் கெந்தி விளையாடிக்கொண்டிருந்தாள். அன்னபூரணம் பீப்பாவுக்கே கொடுத்தாள். வீட்டில் பருப்புச் சமைப்பதை விட்டு, கத்தரிக்காயும் கீரையுமாகக் காலம் ஓட்டினாள்.

ஆவணியில் ஒரு நாள் ஐயாத்துரையர் குழுவினரையும் சிவகுருவையும் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். திட்டம் நன்றாக நடக்கிற சந்தோஷத்துக்காம். கையில் துவரம்பருப்புப் பொதி. கடைக்காரர் அல்லவா, மணியை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்து, தானே தெரிந்தெடுத்து வாங்கிய முதல் தரப் பருப்பு.

"பருப்பு வேண்டாமே. மரக்கறி கனக்க இருக்கு," என்றாள் அன்னபூரணம்.

"அவங்கள் பருப்புக்குத்தான் வாறாங்கள்," என்றார் அவர்.

தொட்டியில் அள்ள ஒன்றும் இல்லை. அன்று காலைதான் கடைசித் தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வல்லிபுரத்தின் பீப்பாவுக்குள் ஊற்றியிருந்தாள். கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்தாள். விறகு விறகாகத் தள்ளினாள். மத்தால் கடைந்தாள். அகப்பையால் நசித்தாள். பருப்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இலை போட்டாயிற்று. பருப்பு விழுந்தபோது சத்தம் கேட்டது. எல்லாரும் ஒரு வாய் வைத்தார்கள். பிறகு ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. சிவகுரு மட்டும் மெதுவாக மென்று, மென்று, கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஐயாத்துரை அண்ணை," என்றார் அம்பலவாணர், "இது சாப்பிடவோ, விதைக்கவோ?"

ஐயாத்துரையரும் ஒரு மணியைக் கடித்தார். பருப்பைக் குறை சொல்ல அவரால் ஏலாது. அவர் தெரிந்து வாங்கிய பருப்பு. எழுந்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வீட்டுக் குசினிக்குள் போனார்.

அன்னபூரணம் அடுப்புக்கு முன்னால் வியர்த்து நின்றாள். அவர் சட்டியைப் பார்த்தார். கேத்திலைத் தூக்கி மூடியைத் திறந்தார். உள்ளே ஆனி தொடக்கம் பிடித்த வெள்ளைப் படை. வல்லிபுரம் வெட்டிக் கொண்டுவந்து காட்டிய குழாய்த் துண்டு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பின்கதவால் எட்டி வறண்ட தொட்டியையும் அதன்மேல் நின்ற பீலியையும் பார்த்தார். ஈரம் காயாத வண்டில் தடம் கிணற்றடிக்குப் போகவில்லை, தொட்டியடிக்கு வந்திருந்தது.

"எப்ப தொடக்கம்?"

"பீப்பாவோ, பருப்போ?"

"பருப்பு."

"நான் இந்த வீட்டுக்கு வந்த மாசம் தொடக்கம்," என்றாள். பிறகு, "உங்கட கிணறு குடிக்க நல்ல தண்ணிதான். அதில பொய் இல்லை. நான் தினமும் குடிக்கிறனான்," என்றாள்.

அவர் கேத்திலை மெல்ல இறக்கி வைத்தார். அந்த முதுகு மறுபடியும் வளையப்போகிறது என்று பயந்து அவள் நிலத்தைப் பார்த்தாள். ஆனால் மாத்தறைச் சந்தையில் முப்பது வருடம் பழுதான சரக்கையும் விற்றுத் திரும்பிய மனிதர் அவர். கண்கள் பீலி வழியாக மேலே ஏறி ஓட்டில் நின்றன.

"இஞ்சரும்," என்றார், "இந்த ஓடு ஆர் கொண்டுவந்தது?"

"உங்கட அப்பு. கள்ளிக்கோட்டையில இருந்து கடலால, வத்தையில."

வெளியே போனார். தொண்டையைச் செருமினார்.

"பருப்பு அவியேல்லை," என்றார் சபைக்கு. "அவியாது. நான்தான் இண்டைக்குக் கிணத்துத் தண்ணியில வைக்கச் சொன்னனான், நீங்கள் எல்லாரும் கண்ணால காணவெண்டு. முந்தி நீங்கள் சாப்பிட்டது என்ர கூரைத் தண்ணி. இவ்வளவு நாளும் குழாய் அடைக்காமல் மருந்து காவினதும் என்ர கூரைத் தண்ணி. கள்ளிக்கோட்டை ஓடு. அந்த ஓட்டில விழுந்து வாற தண்ணிக்கு ஒரு குணம் இருக்கு."

சிவகுரு வாய் திறந்தார். எந்த ஓட்டில் விழுந்தாலும் மழை மழைதான் என்று சொல்ல வந்திருப்பார். குசினி வாசலில் நின்ற அன்னபூரணத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வாய்ச் சோற்றை வைத்து வாயை மூடிக்கொண்டார். பிறகு, ஐயா சொல்வது பெரிய உண்மை, ஆனால் ஒரு கூரை ஊருக்குக் காணாது என்று மட்டும் சொன்னார்.

"என்ர ஓடும் கள்ளிக்கோட்டைதான்," என்றார் அம்பலவாணர் உடனே. "உம்மட கூரையைவிட அகலம்."

அதோடு போதும். மழைத்தண்ணீர் என்றால் முகம் சுளித்த சபை, அந்த ஐப்பசிக்கு முன்னர் வீட்டுக்கு வீடு பீலி பூட்டித் தொட்டி கட்டியது. யார் கூரை மழை முதலில் பீப்பாவுக்குப் போவது என்று அடிபிடி வந்து, முறை வைத்தார்கள். கூரையில் காகம் இருக்கக்கூடாது என்று அம்பலவாணர் நாள் முழுக்கக் கதிரை போட்டுக் காவல் இருந்தார். மழை பெய்யும்வரை பள்ளிக்கூடக் கூரைத்தொட்டியிலிருந்து எடுத்து, சிவகுரு குழாயை ஓடவைத்தார். வல்லிபுரத்தைக் கள்ளன் என்றதற்கு ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. காவற்குழுவைக் கலைத்து, அவனுக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்தார்கள். ஊரில் வயிற்றோட்டம் வரவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்த பலகை மட்டும் வீட்டுக் கூரைக்கு ஏறி ஓட்டு விளிம்பில் தொங்கியது, எழுத்தையும் மாற்றியிருந்தார்கள்.

அன்றைக்கு விருந்தாளிகள் போன பிறகு நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை முடியாது. ஐயாத்துரையர் மறுபடியும் குசினிக்குள் வந்தார். மணைப் பலகையை இழுத்துப் போட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்து, மிஞ்சிய பருப்பைக் கேட்டார். வேண்டாம், பல்லு நோகும் என்றாள் அவள். அவர் சட்டியைத் தானே எடுத்து, ஒவ்வொரு மணியாகக் கடித்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு செம்பில் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து முதலில் அவளிடம் நீட்டி, அவள் குடித்து முடியும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமிர்தம்," என்றாள் அன்னபூரணம். அது பொய்யில்லை.

சரி, என் குஞ்சுகளே, எழும்புங்கள், வீட்டில் தேடப் போகிறார்கள். உங்கள் வீட்டுப் பருப்பு இரண்டு கொதியில் குழையட்டும். உங்கள் கூரைக்கு ஐப்பசி தவறாமல் வரட்டும். ஆவணியிலும் தொட்டியடியில் ஒரு வாளித் தண்ணீர் மிஞ்சட்டும். உங்கள் படலையைத் திறந்து வருகிறவர் குளிர்ந்த வாயோடு திரும்பிப் போகட்டும். அடுப்படியில் நிற்கிறவளின் மனது நோகாமல், முன்கதிரையில் இருக்கிறவரின் முதுகு வளையாமல், உங்கள் வீடு நிறைந்து வாழட்டும்.